பீஸ் கட்டையை எடுத்துவிட்டு எம்.சி.பி. பெட்டி வைப்பது: டெல்டா வீடுகளுக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் பழைய ஓட்டு வீடுகளிலும் எண்பதுகளில் கட்டிய மாடி வீடுகளிலும் மரப்பலகை மேல் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, எம்.சி.பி. என்ற தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்சுகள் வரிசையாக உட்காரும் டி.பி. பெட்டி வைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை கீழே உள்ளன. வேலையை உரிமம் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். என்ன கேட்டு வாங்குவது, எதை நின்று பார்த்துக்கொள்வது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இந்தப் பக்கம் அதற்குத்தான்.

நாற்பது வருஷமாக ஓடுகிற பீஸ் கட்டையை எதற்கு மாற்ற வேண்டும்?

பீஸ் மோசமான கருவி இல்லை. சரியான கம்பி போட்டிருந்தால் ஷார்ட் சர்க்யூட்டை நன்றாகவே அறுக்கும். ஆனால் அந்தச் சரியான கம்பி எந்த வீட்டில் இருக்கிறது? வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. தடிமன். ராத்திரி பத்து மணிக்குப் பீஸ் போனால் யாரும் தடிமன் பார்ப்பதில்லை. கையில் கிடைத்த ஒயரைச் சீவி நாலு இழையை முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் முதலில் உருகப்போவது பீஸ் இல்லை, சுவருக்குள் இருக்கும் ஒயர்.

சரியான கம்பியே போட்டாலும், 15 ஆம்பியர் கம்பி உருகுவதற்குக் கிட்டத்தட்ட இருமடங்கு கரண்ட் போக வேண்டும். எம்.சி.பி. இன்னும் நெருக்கமாகப் பார்க்கும்: குறித்த அளவுக்கு 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக (தானே அணைந்தாக) வேண்டும் என்பது அதன் தர விதி.

இன்னொரு ஆபத்து பழைய இரும்பு மெயின் சுவிட்சில் இருக்கிறது. அதில் பேஸுக்கு (கரண்ட் வரும் கம்பி) ஒன்று, நியூட்ரலுக்கு (திரும்பும் கம்பி) ஒன்று என்று இரண்டு பீஸ் இருக்கும். நியூட்ரல் பீஸ் மட்டும் போனால் வீடே இருட்டாகும், ஃபேன் நிற்கும், லைட் எரியாது, ஆனால் எல்லா ஒயரிலும் பேஸ் அப்படியே நிற்கும். கரண்ட் இல்லை என்று நம்பி கை வைப்பவருக்குத்தான் அடி.

எம்.சி.பி. வைத்துவிட்டால் ஷாக் அடிக்காது அல்லவா?

அடிக்கும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள்: எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது கசிவைப் பார்த்து அறுக்கும் ஆர்.சி.சி.பி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வருவது பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிதான். எர்த் வீட்டுக் கொல்லையில் தோண்டிய குழியோடு நின்றுவிடுகிறது. அந்தக் குழி 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் பாடியில் பேஸ் தொட்டால் மண் வழியாகத் திரும்பும் கரண்ட் 230 வகுத்தல் 12, அதாவது சுமார் 19 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கொஞ்சம் கூடுதலான லோடு, அவ்வளவுதான். மணிக்கணக்கில் விழாமல் நிற்கலாம். அதுவரை கிரைண்டர் பாடியில் கரண்ட் இருக்கும். 10 ஓம் என்பதே நல்ல குழி, பல வீட்டில் அதுவும் கிடையாது.

ஆர்.சி.சி.பி. வேறு வேலை செய்கிறது. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது மனித உடம்பு வழியாகப் போனாலும் ஈரச்சுவர் வழியாகப் போனாலும், கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். ஆனால் ஓவர்லோடும் ஷார்ட்டும் அதற்குத் தெரியாது. அதனால் இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒரே கருவியில் அடக்கியதுதான் ஆர்.சி.பி.ஓ.

கடையில் 100, 300 மில்லி ஆம்பியரும் வைத்திருப்பார்கள், “அடிக்கடி விழாது சார்” என்று எடுத்துக்கொடுப்பார்கள். அவை தீப்பிடிப்பதைத் தடுக்க. ஆளுக்கு 30தான்.

பெட்டியை மட்டும் மாற்றினால் போதுமா, வயரிங்கும் மாற்ற வேண்டுமா?

ஒயர் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் பெட்டி வாங்காதீர்கள். டெல்டா வீடுகளில் மூன்று வகை கண்ணில் படும்.

முதல் வகை, தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து ஓடும் ரப்பர் ஒயர், மேலே நூல் பின்னல். சுவிட்ச் போர்டைத் திறந்து முனையை லேசாக வளைத்துப் பாருங்கள். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பேச்சே இல்லை, முழு வயரிங்கும் மாற வேண்டும். அதில் புதுப் பெட்டியை இணைக்க ஒயரை அசைப்பதே அடுத்த ஷார்ட்டுக்கு வழி.

இரண்டாவது, எழுபது எண்பதுகளின் அலுமினிய ஒயர். இன்சுலேஷன் நன்றாகவே இருக்கலாம். சிக்கல் முனையில். அலுமினியம் ஸ்க்ரூவுக்கு அடியில் மெல்ல நசுங்கி இறங்கும், மேலே ஆக்சைடு படியும், இணைப்பு தளரும், சூடேறும். செம்பும் அலுமினியமும் ஒரே ஸ்க்ரூவில் சேர்ந்தால், அதிலும் நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக் காற்றில், சில வருஷத்தில் அரித்துவிடும். பணம் கையைக் கடித்தால் லைட், ஃபேன் லைனை மட்டும் 6 ஆம்பியரில் விட்டுவைக்கலாம். பவர் பிளக், ஏ.சி., ஹீட்டர் எல்லாம் புதுச் செம்பு ஒயருக்கு மாறியாக வேண்டும்.

மூன்றாவது, பைப்புக்குள் ஓடும் பி.வி.சி. செம்பு ஒயர். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அளந்து பார்க்க வேண்டும். பெட்டி வாங்குவதற்கு முன்பே வயர்மேனிடம் மெகர் டெஸ்ட் (ஒயரின் இன்சுலேஷன் தாங்குகிறதா என்று அளக்கும் சோதனை) கேளுங்கள். எல்லாச் சாமானையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு லைனிலும் பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் டி.சி. கொடுத்து அளப்பார். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைன் தேறாது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்தால் எல்.இ.டி. பல்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் போய்விடும், கழற்றாமல் அதைச் செய்ய விடாதீர்கள்.

இந்த டெஸ்டுக்குக் காலமும் முக்கியம். சித்திரை வெயிலில் 50 மெகா ஓம் காட்டிய சுண்ணாம்புச் சுவர் லைன் கார்த்திகையில் 1-க்கு இறங்கலாம். கோடையில் அளந்து 3, 4 மெகா ஓம்தான் வருகிறது என்றால் மழையில் தாங்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆம்பியர் எம்.சி.பி. போடுவது?

சாமானைப் பார்த்துப் போடுவது இல்லை, ஒயரைப் பார்த்துப் போடுவது. 1.5 சதுர மி.மீ. செம்புக்கு 6 அல்லது 10 ஆம்பியர். 2.5-க்கு 16. 4-க்கு 20, தனிப் பைப்பில் ஓடினால் 25. 6-க்கு 32. இதற்கு மேல் போட்டால் எம்.சி.பி. விழுவதற்கு முன் ஒயர் வெந்துவிடும்.

பழைய ஒயரில் மி.மீ. கணக்கு இருக்காது. வயர்மேன்கள் இன்றும் சொல்லும் 1/18, 3/22 இரண்டுமே சுமார் 1.2 சதுர மி.மீ. தான், 6 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். 3/20 ஏறக்குறைய 2 சதுர மி.மீ., 10 ஆம்பியர். 7/20 என்பது 4.6, அதில் 20 தாராளம். இவை செம்புக்கு. அலுமினியம் என்றால் ஒரு படி இறங்குங்கள்.

“16 போட்டால் விழுகிறது, 32 போட்டுவிடுங்கள்” என்பது தடிமனான பீஸ் கம்பி கட்டிய அதே பழக்கம்தான், விலை மட்டும் கூட. விழுகிறது என்றால் ஒரே லைனில் இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஓடுகிறது என்று அர்த்தம். 2 கிலோவாட் அடுப்பு ஒன்றே 8.7 ஆம்பியர். லைனைப் பிரியுங்கள்.

பி, சி என்று எழுதியிருப்பது ஷார்ட்டில் எவ்வளவு சீக்கிரம் விழும் என்பதற்கு. பி வகை 3 முதல் 5 மடங்கில், சி வகை 5 முதல் 10 மடங்கில் உடனே விழும். மோட்டார், ஏ.சி., பிரிட்ஜுக்கு ஸ்டார்ட் ஆகும்போது இழுப்பு அதிகம், சி வேண்டும். லைட்டுக்கும் ஹீட்டருக்கும் பி போதும். டெல்டா கடைகளில் சி வகைதான் அதிகம் கிடைக்கிறது, எல்லாவற்றுக்கும் அதையே போட்டாலும் பெரிய பாதகமில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், எம்.சி.பி. மேல் சிறு கட்டத்துக்குள் அச்சிட்ட 10000 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண் ஷார்ட் சர்க்யூட்டை எத்தனை ஆம்பியர் வரை உடையாமல் அறுக்கும் என்பது.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு ஏ.சி., ஒரு ஹீட்டர், போர் மோட்டார், இன்வெர்ட்டர் உள்ள சராசரி வீட்டுக்கு இப்படி வரும்:

- மெயின்: 32 ஆம்பியர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுக்கும்) எம்.சி.பி. ஒன்று. மீட்டரிலிருந்து வரும் ஒயர் 6 சதுர மி.மீ. செம்பு. 40 ஆம்பியர் மெயின் வேண்டுமென்றால் ஒயர் 10.
- ஆர்.சி.சி.பி.: 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், டபுள் போல், இரண்டு. ஒன்று லைட், ஃபேனுக்கு. இன்னொன்று பிளக், ஏ.சி., ஹீட்டருக்கு.
- ஆர்.சி.பி.ஓ.: 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஒன்று, மோட்டாருக்கு.
- சிங்கிள் போல் (பேஸை மட்டும் அறுக்கும்) எம்.சி.பி.: முன்பக்க லைட் 6, பின்பக்க லைட் 6, ஹால் பிளக் 16, சமையலறை பிளக் 16, பிரிட்ஜ் 10, ஹீட்டர் 20, ஏ.சி. 20. மொத்தம் ஏழு.
- இடி மின்னல் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் கருவி ஒன்று, வசதி இருந்தால்.

இடக் கணக்கு: டபுள் போல் எல்லாம் இரண்டிரண்டு இடம், சிங்கிள் போல் ஒன்று. மேலே உள்ளது சர்ஜ் கருவியோடு 17 இடம். கடையில் ‘16 வே’ என்பது பல கம்பெனியில் மெயினுக்கு 2, பிறகு 16 என்று 18 இடம் வரும். சிலர் எல்லாம் சேர்த்தே 16 என்பார்கள். மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

நியூட்ரல் ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் நியூட்ரல் லிங்க் இரண்டு வேண்டும், ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் ஒன்று. பெட்டியோடு பெரும்பாலும் ஒன்றுதான் வரும், இன்னொன்றைக் கேட்டு வாங்குங்கள். எம்.சி.பி.களை வரிசையாக இணைக்கும் சீப்பு போன்ற பட்டையான பஸ்பாரும் அதே கம்பெனியினுடையதாக இருக்கட்டும். வேறு கம்பெனிச் சீப்பு பார்வைக்குப் பொருந்தும், ஸ்க்ரூவுக்கு அடியில் முழுதாக உட்காராது.

இன்வெர்ட்டர் ஏ.சி., ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் உள்ள லைனுக்கு ‘ஏ’ வகை ஆர்.சி.சி.பி. கிடைத்தால் வாங்குங்கள். இவற்றின் கசிவில் டி.சி. கலந்திருக்கும், சாதாரண ‘ஏ.சி.’ வகைக்கு அது சரியாகத் தெரியாது.

ஒரே ஆர்.சி.சி.பி. போட்டால் செலவு குறையுமே?

குறையும். பெட்டியிலேயே விலை கூடிய சாமான் அதுதான். ஆனால் பாத்ரூமில் ஒரு ஹீட்டர் கசிந்தால் வீடு முழுக்க இருட்டு, ராத்திரியில் ஏணி தேட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், பிரிட்ஜ் எல்லாம் நல்ல நிலையிலேயே ஆளுக்குக் கொஞ்சம் கசியும். அதன் மேல் ஐப்பசி ஈரச் சுவரும் சேர்ந்தால் எந்தப் பழுதும் இல்லாமலே விழும். இரண்டாகப் பிரித்தால் கசிவும் பிரிகிறது.

ஈ.பி.யில் சொல்ல வேண்டுமா?

மின்வாரியத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, ஊர் வாயில் அது ஈ.பி.தான். மீட்டரும், அதற்கு முன்னுள்ள கட் அவுட் பீஸும், மீட்டர் சீலும் அவர்களுடையவை. மெயின் சுவிட்சுக்குப் பிறகு உள்ளதெல்லாம் உங்களுடையது.

மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து அதற்கு வரும் ஒயரில் கரண்ட் நிற்கும். அந்த மெயினையே கழற்றப் போகிறீர்கள் என்பதால் கட் அவுட் பீஸை எடுத்தாக வேண்டும். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அவர்கள் ஆளை வைத்து எடுங்கள், வேலை முடிந்ததும் அவர்களே போடட்டும். ஏ.சி. புதிதாகச் சேர்க்கிறீர்கள் என்றால் அனுமதித்த லோடு எவ்வளவு என்பதையும் அப்போதே பார்த்து உயர்த்திக்கொள்ளுங்கள். “அஞ்சு நிமிஷ வேலை, கட்டையோட புடுங்கிட்டுப் போட்டுடலாம்” என்று சொல்பவரை வைத்துச் செய்யாதீர்கள்.

வேலை நாளில் என்ன வரிசையில் நடக்க வேண்டும்?

முதலில் வரைபடம். பழைய பலகையில் பீஸ் கட்டையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்த அறை அணைகிறது என்று எழுதி, பேஸ் ஒயரில் டேப் ஒட்டி எண் போட வேண்டும். போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஜோடி தேடுவது, அதாவது எந்தப் பேஸுக்கு எந்த நியூட்ரல். பாதி நாள் இதற்குத்தான் போகும், அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். பழைய பலகையில் எல்லா நியூட்ரலும் ஒரே கட்டையில் மொத்தமாக இருந்தன, எது எதனுடையது என்று யாருக்கும் கவலையில்லை. புதுப் பெட்டியில் ஒரு லைனின் பேஸ் ஒரு ஆர்.சி.சி.பி.யிலும் நியூட்ரல் இன்னொன்றிலும் போனால், ஸ்விட்ச் போட்டவுடன் இரண்டுமே விழும். மாடிப்படி லைட்தான் வழக்கமான குற்றவாளி: கீழ் லைனிலிருந்து பேஸ், மாடி லைனிலிருந்து நியூட்ரல் என்று இழுத்திருப்பார்கள்.

கட் அவுட் எடுத்த பிறகு இன்வெர்ட்டரை அணைத்து பேட்டரி முனையையும் கழற்ற வேண்டும். அதை மறந்தால் செத்துப்போன பலகை என்று நினைப்பதில் 230 வோல்ட் இருக்கும். கரண்ட் இல்லை என்பதை டெஸ்டரை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது, இரண்டு முனை டெஸ்ட் லாம்ப் அல்லது மீட்டரில் பார்க்க வேண்டும், அந்த லாம்பையும் முன்கூட்டியே ஓடுகிற லைனில் சரிபார்த்துக்கொண்டு.

பலகையைக் கழற்றிப் பெட்டியைப் பொருத்தியபின், பல இழை ஒயர் முனைகளுக்கு லக் அல்லது பின் என்ற உலோக முனையை மாட்டி நசுக்கித்தான் ஸ்க்ரூவில் நுழைக்க வேண்டும். ஒரு ஓட்டைக்கு ஒரு ஒயர். முறுக்கும் அளவு எம்.சி.பி. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். எம்.சி.பி. பெட்டி கருகியதற்குத் தேடிப்போனால் பத்தில் பெரும்பகுதி தளர்ந்த ஸ்க்ரூதான். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

வயரிங் மாற்றாவிட்டால் இவ்வளவும் ஒரு பகல் வேலை.

பெட்டியை எங்கே வைப்பது?

தரையிலிருந்து ஐந்து, ஐந்தரை அடி உயரம், கைக்கு எட்டும் இடம், முன்னால் நிற்க இடம். ரேழியோ கூடத்தின் உள்சுவரோ நல்லது. பாத்ரூமை ஒட்டிய சுவர், சமையலறை சிங்குக்கு மேல், முற்றத்துச் சாரல் அடிக்கும் சுவர், மழை அடிக்கும் வெளிச்சுவரின் உள்பக்கம் எல்லாம் வேண்டாம். மண் சுவரிலும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும் பிளக் இளகிவிடும். பலகை அடித்து அதன் மேல் பொருத்துங்கள்.

கொள்ளிடக் கரையிலும் கடலோரத் தாழ்வான ஊர்களிலும் வெள்ளம் போன வருஷத்துத் தண்ணீர்க் கோடு சுவரில் தெரியும், பெட்டி அதற்கு மேல். அப்படிப்பட்ட வீட்டில் கீழ் பிளக்குகளுக்கும் மேலே உள்ள லைட்டுக்கும் தனித்தனி எம்.சி.பி. கொடுத்தால் தண்ணீர் வரும்போது பிளக்கை மட்டும் அணைக்கலாம். தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.யைக் காயவைத்து மறுபடி போடக்கூடாது. உள்ளே சேறும் துருவும் நிற்கும், விழ வேண்டிய நேரத்தில் விழாது.

கடலோரத்தில் இரும்புப் பெட்டியைவிட நல்ல பிளாஸ்டிக் பெட்டி. இரும்பு என்றால் பெட்டிக்கும் கதவுக்கும் எர்த் கொடுத்தாக வேண்டும். ஒயர் நுழையும் ஓட்டைகளைக் கிளாண்ட் போட்டு அடைத்துவிடுங்கள். பல்லியும் எறும்பும் சூட்டைத் தேடி வரும், பஸ்பாரில் குறுக்கே விழுந்த பல்லி ஒன்று போதும்.

இன்வெர்ட்டர் இருக்கிறது. அதை எப்படி இணைப்பது?

இன்வெர்ட்டரில் ஓடும் லைட், ஃபேன் லைன்களின் நியூட்ரலைத் தனி லிங்கில் பிரித்து, இன்வெர்ட்டரின் வெளியீட்டுக்கு என்று தனி ஆர்.சி.சி.பி. கொடுப்பதுதான் சரி. இன்வெர்ட்டருக்குப் போகும் ஒயரை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் எடுத்து, நியூட்ரலை மட்டும் அதற்குப் பின்னால் சேர்த்துவிட்டால் கரண்ட் போகும்போதோ வரும்போதோ விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் யாராவது “இந்த ட்ரிப்பரே வேஸ்ட்” என்று பைபாஸ் செய்வார்கள்.

பெட்டியின் கதவில் ‘இன்வெர்ட்டர் லைன் தனி, மெயினை அணைத்தாலும் கரண்ட் இருக்கும்’ என்று எழுதி ஒட்டுங்கள்.

மழை ஆரம்பித்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. என்ன செய்வது?

விழுவது அதன் வேலை, எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். நின்றால் சாமானில் கோளாறு, ஒவ்வொன்றாகச் செருகினால் பிடிபடும். ஹீட்டர் காயில், பழைய பிரிட்ஜ், கிரைண்டர் என்ற வரிசையில் சந்தேகப்படலாம்.

பிடுங்கியும் விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் அணைத்து, ஆர்.சி.சி.பி.யைப் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிங்கிள் போல் எம்.சி.பி. பேஸை மட்டும்தான் அறுக்கும். நியூட்ரல் ஒயர் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எந்த எம்.சி.பி.யை அணைத்தாலும் அது தொட்டபடியே இருக்கும், வேறு லைனில் லோடு ஏறும்போது விழும். ‘ஃபேன் போட்டால் விழுகிறது, ஆனால் ஃபேனில் ஒன்றுமில்லை’ என்ற புகாருக்குக் காரணம் இதுதான். வயர்மேன் மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றி எர்த்துக்கு மெகர் பார்க்க வேண்டும்.

இடம் என்று பார்த்தால் வாசல் லைட், மொட்டைமாடி பாயிண்ட், கொல்லைப்புற பாத்ரூம், மாட்டுக்கொட்டகை பல்பு. வெளி லைட்டுக்கு மட்டும் தனி எம்.சி.பி. இருந்தால் கார்த்திகை தீரும்வரை அதை அணைத்து வைத்துவிட்டு நிதானமாகச் சரிசெய்யலாம்.

எர்த் குழி இல்லை, அல்லது பழசு. என்ன செய்வது?

புதுக் குழி போடுங்கள். குறைந்தது 2.5 மீட்டர் நீளம், 40 மி.மீ. ஜி.ஐ. பைப் போதும். டெல்டாக் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு அருமையான மண். மேட்டூர் மூடி வாய்க்கால் வறண்டு மண் வெடிக்கிற கோடையில்தான் அளவு எகிறும், பைப்பைச் சுற்றி மண் விலகிவிடும். அளப்பதானால் அப்போது அளக்க வேண்டும். 10 ஓமுக்குள் வந்தால் நல்லது. வராவிட்டால் பைப் நீளத்துக்குக் குறையாத தூரம் தள்ளி இன்னொரு பைப் இறக்கி இரண்டையும் இணைக்கலாம். உப்பும் கரியும் கொட்டும் பழக்கம் அளவைக் குறைக்கும், ஆனால் உப்பு ஜி.ஐ. பைப்பையே தின்னும். வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரே உப்பு, அங்கே செம்பு பூசிய ராடு நின்று நிலைக்கும்.

எர்த் இல்லாத வீட்டில் மூன்று முனை பிளக்கின் எர்த் முனைக்கு நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு ஒயர் போட்டிருப்பார்கள். எங்கே கண்டாலும் உடனே பிடுங்கச் சொல்லுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பிரிட்ஜ் பாடிக்கே பேஸ் வந்துவிடும். பாடியில் கசியும் கரண்டும் நியூட்ரல் வழியாகவே திரும்புவதால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே தெரியாது.

மூன்று பேஸ் வீடு, பேஸ் சேஞ்சர் இருக்கிறது.

பேஸ் போகும் ஊர்களில் இருக்கிற பேஸுக்கு மாற்றிக்கொள்ள அந்தத் திருகு சுவிட்சை வைத்தார்கள். மூன்று பேஸிலும் லோடு பிரிந்திருக்கும்போது நியூட்ரலில் மிச்சம் மட்டுமே ஓடும். மூன்றையும் ஒரே பேஸுக்குத் திருப்பினால் மொத்தக் கரண்டும் ஒரே நியூட்ரலில் சேரும். அந்த நியூட்ரலைக் காக்கத் தனியாக எதுவும் இல்லை. வைத்தே ஆகவேண்டும் என்றால் லைட், ஃபேன் லைனுக்கு மட்டும் வையுங்கள். ஏ.சி., ஹீட்டர், மோட்டார் நேராகத் தன் பேஸில் இருக்கட்டும்.

போர் மோட்டாருக்கு ஏன் தனி ஆர்.சி.பி.ஓ.?

1 எச்.பி. சப்மெர்சிபிள் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான், ஸ்டார்ட்டில் பல மடங்கு இழுக்கும். சி வகை 16 அதைத் தாங்கும். மோட்டாரும் கேபிள் ஜாயிண்ட்டும் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் வயது ஆக ஆகக் கசிவு கூடும். வீட்டோடு சேர்ந்திருந்தால் மோட்டார் போடும்போதெல்லாம் வீடு இருளும். வயலில் உள்ள பம்ப்செட் வேறு இணைப்பு, அதை வீட்டுப் பெட்டியோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக்கூடாது.

திடீரென்று வோல்டேஜ் ஏறி எல்லாம் எரிந்தால் இந்தப் பெட்டி காப்பாற்றுமா?

காப்பாற்றாது. காற்றிலும் புயலிலும் லைனின் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறலாம். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வோல்டேஜைப் பார்ப்பதில்லை. சர்ஜ் கருவி இடி மின்னலின் நொடிப்பொழுது எழுச்சிக்குத்தான், அதுவும் எர்த் நன்றாக இருந்தால். இதற்கென்று, எம்.சி.பி. உட்காரும் அதே பட்டையில் (டின் ரெயில்) மாட்டும் ஓவர், அண்டர் வோல்டேஜ் கருவி தனியாகக் கிடைக்கிறது. 2018 நவம்பர் கஜா புயலைப் பார்த்த ஊர்களில் இதற்கு இரண்டு இடம் ஒதுக்குவது வீண் செலவில்லை. புயலுக்குப் பிறகு சர்வீஸ் ஒயரை மறுபடி கட்டியிருந்தால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறவில்லையே என்றும் பாருங்கள். மாறியிருந்தால் சிங்கிள் போல் எம்.சி.பி. நியூட்ரலை அறுத்துவிட்டுப் பேஸை விட்டுவைக்கும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் எர்த் குழியைச் சோதிப்பதில்லை, எர்த்தே இல்லாத வீட்டிலும் விழும். அதனால் எர்த் டெஸ்டரில் குழியின் அளவையும், ஒவ்வொரு பிளக்கிலும் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டி வருகிறதா என்பதையும் காட்டச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. எல்லா எம்.சி.பி.க்கும் கீழே அறைப் பெயர் தமிழில், அழியாத மையில். காலி இடங்களுக்கு மூடித் தகடு. மெகர் அளவுகள் ஒரு தாளில், தேதியோடு, கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும். அடுத்த மழைக்கு வரும் வயர்மேன் முதலில் கேட்பது அதுதான்.

டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்துங்கள். பழைய பீஸ் கட்டைகளை, கூடவே அந்தக் கம்பிச் சுருளையும், வீட்டில் வைக்காமல் வயர்மேனிடமே கொடுத்தனுப்பிவிடுங்கள்.